வகுப்பில் ஆறு வருடம் ஓடிய ஆர்விஜி

எங்கள் பல் மருத்துவத் துறைக்கு ஆர்விஜி (பிலிம் இல்லாமல், வாய்க்குள் வைக்கும் சென்சார் வழியாகப் பல்லின் எக்ஸ்-ரேயைத் திரையில் காட்டும் கருவி) வந்து ஆறு வருடம் ஆகிறது. நோயாளிக்குப் படம் எடுக்க அது எவ்வளவு வசதி என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவர்களுக்குச் சொத்தை பார்க்கக் கற்றுக்கொடுக்க அது எப்படி உதவியது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லது. பைட்விங் (நோயாளி கடித்தபடி இருக்க, மேல் கீழ்ப் பற்களை ஒன்றாகக் காட்டும் எக்ஸ்-ரே) எடுக்கும்போது எக்ஸ்-ரே குழாய் பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் போதும், அடுத்தடுத்த பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். சொத்தை ஒளிந்திருக்கும் இடமே அந்த இடுக்குதான். பிலிம் காலத்தில் டார்க் ரூமில் கழுவி எடுத்து வருவதற்குள், கோணத்தை எப்படி வைத்தோம் என்பதே பிள்ளைகளுக்கு மறந்திருக்கும். இப்போது தப்பு சில நொடிகளில் திரையில் தெரிகிறது. 'இன்னொன்று எடுத்தால் போச்சு' என்ற அலட்சியமும் கூடவே வந்தது. மறுபடி எடுக்க என் கையெழுத்து வேண்டும் என்று வைத்த பிறகுதான் அது அடங்கியது.

நான் செய்த தப்பு வேறு. படத்தில் சொத்தை கறுப்பாகத் தெரியும். முதல் வருடம், திரையில் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தைக் கூட்டிக் குறைக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்லைடரை மாணவர்கள் கையில் விட்டுவிட்டேன். கறுப்பு தெரியும்வரை இழுப்பார்கள். ஒரு மாணவன் ஆறு பற்களில் சொத்தை என்று எழுதிக் கொடுத்தான். வாயைத் திறந்து பார்த்தால் இரண்டுதான். மீதி நான்கும் பல்லின் கழுத்துப் பகுதி. அங்கே எனாமல் முடிந்திருக்கும், எலும்பு இன்னும் தொடங்கியிருக்காது. கதிர் எளிதாக ஊடுருவுவதால் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். பக்கவாட்டுச் சொத்தை பெரும்பாலும் பற்கள் தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஈறுப் பக்கமாகத் தொடங்கும்.

கண்ணும் ஏமாற்றும். வெள்ளை எனாமலுக்குப் பக்கத்தில் சாம்பல் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) இருந்தால், எல்லையில் இல்லாத கறுப்புக் கோடு ஒன்று தெரியும். எனாமலை ஒரு அட்டைத் துண்டால் மறைத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் அது சொத்தை இல்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியோடு நாங்கள் அதிகம் பயன்படுத்துவது கத்தரித்த அட்டையைத்தான்!

இப்போது ஸ்லைடரைத் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்துக்கும் இ1 (எனாமலின் வெளிப்பாதி வரை), இ2 (எனாமலின் உள்பாதி வரை), டி1 (டென்டினின் வெளிப்பகுதி வரை) என்று சொத்தையின் ஆழத்தைத் தாளில் எழுதிவிட வேண்டும். சந்தேகம் வந்தால், நோயாளி சம்மதித்தால், பற்களுக்கு நடுவே ரப்பர் செபரேட்டர் வைத்து இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்கிறோம். இடைவெளி விழுந்திருக்கும், நேராகவே பார்க்கலாம். இ2 என்று எழுதிய இடம் பல முறை குழியே விழாமல் முழுசாக இருக்கும். ஃப்ளூரைடு வார்னிஷ் பூசி அனுப்புகிறோம். ட்ரில்லை எடுக்கத் துடித்த பிள்ளைகள் அமைதியாவது அப்போதுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. தாது முப்பது நாற்பது சதவீதம் கரைந்த பிறகே படத்தில் தெரியும் என்பதால், உள்ளே சொத்தை படம் காட்டுவதைவிட ஆழமாகத்தான் இருக்கும்.

குறைகள்? சென்சார் தடிமன், வளையாது, குழந்தைகளுக்குக் குமட்டும். ஒயரைப் பிடித்து இழுத்தே இரண்டு சென்சார்களைக் கொன்றுவிட்டோம். இப்போது ஓடுவது மூன்றாவது.

பிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் பழைய வியூ பாக்ஸைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். போடவில்லை. புது பேட்ச் வந்தால் முதல் மாதம் பழைய பிலிம்களோடு அதன் முன்னால்தான் உட்கார வைக்கிறேன். அதில் இழுப்பதற்கு ஸ்லைடர் கிடையாது.