ஊரில் காருக்கு ஆம்ப் போடுமுன் வயரைச் சுரண்டிப் பாருங்கள்

லீவுக்கு வரும்போது வீட்டில் நிற்கும் காருக்கு நல்ல பாட்டு வசதி செய்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. வெளிநாட்டில் இதே வேலைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, மணிக்கணக்குப் போட்டுக் கூலி கொடுக்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் காரை ஓரம் கட்டினால் போதும், நாம் இறங்குவதற்குள் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பார். கை வேலையைப் பொறுத்தவரை எந்தக் குறையும் சொல்ல முடியாது. டோர் பேடை ஒரு கிளிப்கூட உடையாமல் கழற்றுகிறார்கள். ஸ்பீக்கர் துளை பொருந்தாவிட்டால் பிளைவுட்டில் ரிங் வெட்டி அங்கேயே பொருத்துகிறார்கள். குறையெல்லாம் மூன்று இடத்தில்: வயர், ஃபியூஸ், மீட்டர் (வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர்). இந்த மூன்றையும் நீங்களே கையோடு கொண்டுபோய்விட்டால் வேலை சுத்தமாக முடியும்.

சராசரியாகப் பலர் போடுவது இதுதான்: 4 சேனல் ஆம்ப் (நான்கு தனி வெளியீடு உள்ள ஆம்ப்ளிஃபையர்) ஒன்று. முன்கதவு ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஆளுக்கு 75 வாட். பின் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து), டிக்கியில் பேஸ் ஒலிக்கான 10 இன்ச் சப் (சப்வூஃபர்) ஒன்றுக்கு 200 வாட். எல்லாம் ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 1000 வாட், 2000 வாட்டையெல்லாம் பார்க்க வேண்டாம். சிஇஏ 2006 (இப்போது சிடிஏ 2006) என்ற தர முறையில் அளந்தது என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் டிஸ்டார்ஷன் கூடாது என்பது அந்த அளவீட்டின் விதி.

மொத்தம் 350 வாட். கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் சுமார் 80 சதவீதத் திறன், 350-ஐ 0.8-ஆலும் பிறகு 13.8 வோல்ட்டாலும் வகுத்தால் கிட்டத்தட்ட 32 ஆம்பியர் வரும். பழைய கிளாஸ் ஏபி என்றால் 46-ஐத் தொடும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் வயரில் இந்தக் கரண்ட் போக வேண்டும். கடையில் தரும் 'வயரிங் கிட்' காலை வாருவது இங்கேதான்.

கிட் வயர் பார்க்க மொத்தமாக, சிவப்பாக, கண்ணாடி போலப் பளபளப்பாக இருக்கும். நுனியை ஒரு அங்குலம் உரித்து, ஒரு இழையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். அதே பருமனில் முழுச் செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ரெசிஸ்டன்ஸ். இன்னொரு வித்தை, தோலைத் தடிமனாக்கி உள்ளே கம்பியைக் குறைப்பது. 8 கேஜ் என்று எழுதிய வயரில் 8.4 ஸ்கொயர் எம்எம் கம்பி இருக்க வேண்டும். உரித்துப் பார்த்தால் பாதிதான் தேறும் என்று வையுங்கள்: 4 ஸ்கொயர் அலுமினியத்தில் 32 ஆம்பியர் போனால் 5 மீட்டரில் 1.1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஆம்ப் பட்டினி கிடக்கும், வயர் சுடும்.

இதற்கு ஊரிலேயே அருமையான மாற்று இருக்கிறது: வெல்டிங் கேபிள். எலக்ட்ரிக்கல் கடைகளில் 16, 25, 35 ஸ்கொயர் அளவுகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். 'காப்பர் வேணும், அலுமினியம் வேண்டாம்' என்று அழுத்திச் சொல்லுங்கள், இரண்டும் விற்கிறார்கள். ஐஎஸ் 9857 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. மயிரிழைக் கம்பிகள் என்பதால் நன்றாக வளையும். ரப்பர் தோல் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும். மேலே சொன்ன செட்டுக்கு 16 ஸ்கொயர் தாராளம், இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். 6 மீட்டர் கேபிள், அதே அளவு லக்ஸ் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) நாலைந்து, அங்கேயே லக்ஸைக் கிரிம்ப் செய்தும் (நசுக்கி இறுக்கியும்) வாங்கிவிடுங்கள். ஆடியோ கடையில் பெரிய கிரிம்பிங் டூல் இருப்பது அபூர்வம், கட்டிங் பிளேயரால் நசுக்கிக் கொடுப்பார்கள். அது ஆறு மாதத்தில் தளர்ந்து கறுத்துப்போகும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மீட்டர், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம். வெயிலில் நின்ற காருக்குள் அதன் பசை உருகி வழிந்து, இரண்டாவது கோடையில் டேப் தானாக அவிழ்ந்து தொங்கும்.

ஃபியூஸ் விஷயத்தில் கட்டாயம் ஒரு வாக்குவாதம் வரும்.

"சார், ஆம்ப்லயே ரெண்டு ஃபியூஸ் இருக்கே, பேட்டரிகிட்ட எதுக்கு இன்னொண்ணு?"

"அது ஆம்ப்பக் காப்பாத்தும் தம்பி. இது காரைக் காப்பாத்தும்."

வெறும் வசனமில்லை. நடுவழியில் தகட்டு விளிம்பில் உரசி வயரின் தோல் கிழிந்தால், பேட்டரி அப்படியே பாடியில் ஷார்ட் ஆகும். அந்தக் கரண்ட் ஆம்ப் வரைக்கும் போவதே இல்லை; பிறகு ஆம்ப் ஃபியூஸ் எப்படிப் போகும்? எரிவது வயரும் கார்ப்பெட்டும்தான். மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், கிட்டே இருக்க இருக்க நல்லது. ஆம்ப்பில் இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் மெயின் 40 அல்லது 50 போதும். 'கையில 100 தான் இருக்கு' என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் வழியும் முக்கியம். ஒரிஜினல் வயர் கட்டு வரும் துளையை அடைத்திருக்கும் ரப்பர் கிரொமெட்டிலேயே சின்னத் துளை போட்டு இழுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் சிலர் ஃபெண்டர் வழியாகக் கொண்டுவந்து கதவு கீல் இடுக்கில் நுழைப்பார்கள். தினமும் கதவு மூடும்போது வயர் நசுங்கும். இன்ஜின் பக்கத்தில் வரிவரியான கன்ட்யூட் குழாய்க்குள் விடுவது நல்லது. அதிகம் ஓடாத காரில் எலி குடியேறும் ஊர் நம் ஊர். புது ரப்பர் அதற்குப் பிடித்த பண்டம்.

ஆம்ப்பிலிருந்து காரின் தகட்டுக்குப் போகும் எர்த் வயர், பவர் வயரின் அதே பருமன், நீளம் அரை மீட்டருக்குள். தகட்டில் பெயின்ட்டை வெள்ளி தெரியும்வரை சுரண்டி, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்க வேண்டும். முடிந்த பின் மேலே கொஞ்சம் வாஸ்லினோ பெயின்ட்டோ தடவாவிட்டால் கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் தாண்டாது. சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிர் காக்கும் போல்ட் அது. புதுத் துளை போடுவதாக இருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தபிறகே டிரில்லை எடுக்கவிடுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் பின் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க்.

பேட்டரி நெகட்டிவ் முனையில் சின்னக் கறுப்புப் பெட்டி போல சென்சார் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் கார்களில் இருக்கும். எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் அந்த சென்சார் கணக்குக்குள் வராமல் கரண்ட் போகும். கார் பேட்டரி நிலையைத் தப்பாகக் கணிக்கும். பாடியில் மாட்டினால் இந்தச் சிக்கல் இல்லை.

கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் ஆம்ப் மட்டும் சேர்ப்பவர்கள் ஒரே வார்த்தையை மறக்காமல் சொல்ல வேண்டும்: கப்ளர். "வயர் கட் பண்ணாம கப்ளர் போட்டுக் குடுங்க." கம்பெனி சாக்கெட்டிலேயே செருகும் இணைப்புதான் கப்ளர். காருக்கேற்றதன் விலை ஒன்றும் பெரிதில்லை, வாரன்ட்டி தகராறுக்கும் இடம் குறையும். ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கினால் தனிக் கன்வர்ட்டர் தேவையில்லை. பல ஆம்ப்களில் ஆட்டோ சென்ஸும் இருக்கும். பாட்டு வந்தால் தானே எழும், நின்றால் தூங்கும். அது இல்லாவிட்டால் ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயருக்கு ஏசிசி ஃபியூஸிலிருந்து (சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருவது) இணைப்பு எடுக்க வேண்டும். வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோ என்றால் அதற்கு நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் ஒரு பக்கம், பவர் வயர் மறுபக்கம் போகட்டும்.

சப்பில் நடக்கும் தவறு இது: கடைக்காரர் 4+4 ஓம் இரட்டைக் காயில் (உள்ளே இரண்டு வாய்ஸ் காயில்) உள்ள சப்பை எடுத்துக் கொடுப்பார். இரண்டையும் பேரலலில் போட்டால் 2 ஓம். 4 சேனல் ஆம்ப் பிரிட்ஜில் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சத்தம் ஏற்றியதும் சூடாகி புரொடெக்ட் லைட் எரியும். சீரிஸில் போட்டால் 8 ஓம், சக்தி பாதியாகும். பிரிட்ஜுக்கு ஒற்றை 4 ஓம் காயில், அல்லது 2+2 சீரிஸில். வாங்கும்போதே பார்த்துவிட்டால் முடிந்தது.

கெயின் வைப்பதைத் தயவுசெய்து பக்கத்தில் நின்று பாருங்கள். வழக்கம் என்னவென்றால், பேஸ் பாட்டு ஒன்றைப் போட்டு, குமிழை முக்கால் திருப்பி, "எப்படி சார் அடி?" என்று கேட்பார்கள். கெயின் என்பது வால்யூம் அல்ல, ஸ்டீரியோ தரும் வோல்ட்டேஜுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது. ஐந்து நிமிட வேலை. முதலில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யத்தில். ஆம்ப் ஃபில்டர்கள் ஆஃப், கெயின் முழுக்கக் கீழே. இன்ஜின் ஓடட்டும். பென் டிரைவில் ஏற்றிய 0 டிபி சைன் டோனை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்காலுக்கு ஏற்றுங்கள். சப்புக்கு 50 ஹெர்ட்ஸ், முன் ஸ்பீக்கருக்கு 200. 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மீட்டர் வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது, மேலே போகப்போகக் குறைத்துக் காட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் ஸ்பீக்கர் முனையில் வைத்து, வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண் வரும்வரை கெயினைத் திருப்புங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். 200 வாட், 4 ஓம் என்றால் 28.3. அங்கே நிறுத்துங்கள். ஸ்பீக்கர் ஆம்ப்பைவிடக் குறைந்த ஆர்எம்எஸ் என்றால் ஸ்பீக்கரின் வாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு ஃபில்டர்களை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்: முன்கதவுக்கு ஹை பாஸ் (அதற்கு மேல் மட்டும் விடும்), சப்புக்கு லோ பாஸ் (அதற்குக் கீழ் மட்டும் விடும்). இதைச் செய்தபிறகு சத்தம் முன்பைவிடக் குறைவாகத் தோன்றலாம், வேலை செய்தவர் முகம் கொஞ்சம் வாடவும் செய்யும். ஆனால் இரண்டு மணி நேரம் கேட்டாலும் காது வலிக்காது, காயில் கருகாது.

இன்ஜின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் 'ஙீ...' என்று சத்தமும் ஏறுகிறதா? ஆம்ப்பில் ஆர்சிஏவைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிரச்சினை ஸ்டீரியோ பக்கத்திலோ கேபிளிலோ. நிற்காவிட்டால் ஆம்ப் எர்த்தில். இரைச்சல் ஃபில்டர் ஒன்றை விற்கப் பார்ப்பார்கள், அதற்குமுன் எர்த் இடத்தை மறுபடி சுரண்டிப் பாருங்கள். பவர் இருக்கும்போதே ஆர்சிஏவைச் செருகிப் பிடுங்கினால் சில ஸ்டீரியோக்களில் உள்ளே இருக்கும் நுண்ணிய எர்த் ஃபியூஸ் போய்விடும். அதற்கப்புறம் இந்த இரைச்சல் நிரந்தரம்.

ஆம்ப்பை சப் பெட்டிமேல் திருகாதீர்கள், அதிர்வில் உள்ளே சால்டர் விடும். முன் சீட் அடியும் வேண்டாம். மழைத் தண்ணீர் முதலில் நனைப்பது அந்தக் கார்ப்பெட்டைத்தான். பின் சீட் முதுகில் பிளைவுட் வைத்துப் பொருத்துவது பாதுகாப்பு.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்களுக்கு: ஆம்ப் எந்த நாட்டுடையதானாலும் 12 வோல்ட், கவலையில்லை. ஸ்டீரியோ அப்படியல்ல. அமெரிக்க செட்டில் ரேடியோ 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவும், ஒற்றைப்படை எண்ணில்தான் நிற்கும், 98.3 கிடைக்கும், 101.4-உம் 106.4-உம் கிடைக்காது. செட்டிங்கில் ஏரியா மாற்றும் வசதி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பழைய ஜப்பான் செட் 90-க்கு மேல் போகவே போகாது.

ஜிஎஸ்டி பில் வாங்கி, இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிக்கல் ஆக்சஸரியாகச் சேருங்கள். ஐஎம்டி 24 என்ற பிரிவு, பொருள் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். சேர்க்காத ஆம்ப் திருடு போனால் ஒரு ரூபாய் வராது.

கடைசியாக ஒரு சோதனை, ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன். நீங்கள் போனபின் கார் வாரம் ஒருமுறை கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ போகும், அவ்வளவுதான். காரைப் பூட்டி அரைமணி கழித்து, நிற்கும் கார் பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளக்க வேண்டும். நெகட்டிவைக் கழற்றாமலே அளக்க, டிசி மில்லி ஆம்பியர் காட்டும் க்ளாம்ப் மீட்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நெகட்டிவைக் கழற்றி, சாதா மீட்டரை 10 ஆம்பியர் முனையில் சீரிஸில் போட்டு, கார் மறுபடி தூங்கக் காத்திருந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. ரிமோட் வயரை ஏசிசிக்குப் பதில் நேர் 12 வோல்ட்டில் கொடுத்திருந்தால் ஆம்ப் தூங்காது, 0.8 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். சின்ன பெட்ரோல் காரின் 35 ஏஎச் பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்காது. மாதக்கணக்கில் கார் நிற்கப்போகிறதென்றால் மெயின் ஃபியூஸை உருவி, டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவிட்டு, அப்பாவிடம் இடத்தைக் காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.