கொளத்தூரில் வாங்கிய "புது இன" கிரிப்ட்: செடி அருமை, பெயர்தான் தப்பு

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகளுக்கு நடுவே நீர்ச்செடி மட்டும் விற்கிற ஒரு சின்னக் கடைக்கு ஒரு வருஷமாகப் போய்வருகிறேன். போன மாதம் கடைக்காரரிடமிருந்து மெசேஜ்: "தம்பி, மேற்குத் தொடர்ச்சி மலை கிரிப்ட் வந்திருக்கு, புது இனம், யார்கிட்டயும் இல்ல." கிரிப்ட் என்றால் கிரிப்டோகோரின், மீன் டேங்கில் வளர்க்கிற ஒரு நீர்ச்செடி வகை. மூன்று செடி 450 ரூபாய். அன்று சாயங்காலமே போய் வாங்கிவிட்டேன்.

செடி எப்படி என்று கேட்டால், இந்த விலைக்கு இதைவிட நல்ல செடி நான் வாங்கியதில்லை. வேர் வெள்ளையாக, கிழங்கு கெட்டியாக இருந்தது. நத்தையும் இல்லை, பாசியும் இல்லை. ஈர நியூஸ்பேப்பரில் சுற்றித்தான் கொடுத்தார், பாலிதீன் கவரில் திணிக்கவில்லை. தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடி என்பதால் டேங்கில் வைத்ததும் பழைய இலைகள் கரைந்தன. அது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான், அதற்காக யாரும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பன்னிரண்டாம் நாள் நடுவிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு குருத்து வந்தது.

அந்தக் குருத்துதான் விஷயத்தை உடைத்தது. கிரிப்டோகோரின் இலை விரிவதற்கு முன்னால் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு ஓரத்திலிருந்தே சுருண்டிருக்கும். இதில் இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு நடு நரம்புக்கு மேலே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அப்படிச் சுருண்டால் அது கிரிப்ட் இல்லை, அதன் நெருங்கிய சொந்தமான லாகெனாண்ட்ரா. பத்து மடங்கு பெரிதாக்குகிற லென்ஸ் இருந்தால் வசதி, ஆனால் வெறும் கண்ணுக்கே தெரியும். பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இந்த ஒரு அடையாளத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலையின் வடிவம், சிவப்புச் சாயல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது லாகெனாண்ட்ரா மீபோல்டி. மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி என்று அவர் சொன்னது உண்மை. புது இனம் என்றதுதான் தப்பு, இதற்குப் பெயர் வைத்தே நூறு வருஷம் ஆகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும், பெயர் வைத்த தாவரவியலாளர் எங்க்லரே முதலில் இதைக் கிரிப்டோகோரின் என்றுதான் எழுதினார், அப்புறம்தான் ஃபிஷர் என்ற இன்னொரு தாவரவியலாளர் லாகெனாண்ட்ராவுக்கு மாற்றினார். அதனால் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் "புது இனம்" என்று சொல்லி விலை ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. நம் டேங்குக்குப் புதிது என்பது வேறு, அறிவியலுக்குப் புதிது என்பது வேறு. யாராவது மாதிரிச் செடியை ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) வைத்து, விளக்கம் எழுதி வெளியிட்டால்தான் அது புது இனம். போர்னியோ தீவிலிருந்து வரும் புசெஃபலாண்ட்ரா என்ற நீர்ச்செடியையே பாருங்கள், பிரவுனி கோஸ்ட், கெடகாங் என்று கடைக்காரர்கள் வைத்த பெயர்கள் எத்தனை! 2014இல் வோங், பாய்ஸ் என்ற தாவரவியலாளர்கள் பல புது இனங்களை முறையாக வெளியிட்ட பிறகும் அந்தக் கடைப் பெயர்கள்தான் ஓடுகின்றன. கடைப் பெயர் இருப்பது தப்பில்லை, அதை இனப் பெயர் என்று நம்பிவிடக் கூடாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஹைக்ரோஃபிலா பால்சாமிகா நம் தென்னிந்தியச் செடி. தண்ணீருக்குள் வளர்ந்தால் டேங்குகளில் வளர்க்கிற வாட்டர் விஸ்டீரியா என்ற செடி மாதிரியே இலை பிரிந்து பிரிந்து அழகாக இருக்கும். ஆனால் தண்ணீருக்கு மேலே வளர்ந்த இலையில் வாசனையுள்ள பிசுபிசுப்பான சாறு உண்டு, அது மீனுக்கு விஷம். அந்த இலையோடு டேங்கில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாத செடியை நான் ஒரு மாதம் மீன் இல்லாத தொட்டியில் தனியாக வைப்பது இதனால்தான்.

சனிக்கிழமை குருத்தின் போட்டோவோடு கடைக்குப் போனேன். "அண்ணே, இது லாகெனாண்ட்ரா" என்று காட்டினேன். லென்ஸை வாங்கி அவர் தொட்டியிலிருந்த ஒரு குருத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கொடுத்தவங்க இப்படித்தான் சொன்னாங்க தம்பி" என்றார். எந்த ஊர் ஓடையில் எடுத்தது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. உண்மையிலேயே புதிதாக ஏதாவது வந்திருந்தால், எங்கிருந்து என்று தெரியாத செடியை வைத்து யாராலும் மேற்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. ஒரே ஓடையில் மட்டும் இருக்கிற செடி என்றால், விற்பதற்காகப் பிடுங்கியே அதைத் தீர்த்துவிடுவோம்.

செடிக்கு ஐந்துக்கு ஐந்து, பெயர்ச் சீட்டுக்கு இரண்டு. போனால் கிரிப்ட் வென்ட்டி என்ற கிரிப்ட் இனத்தையும் புசெஃபலாண்ட்ராவையும் தயங்காமல் வாங்குங்கள். "எஸ்.பி. நியூ" (புது இனம்) என்று ஒட்டியிருந்தால் முதலில் ஊரைக் கேளுங்கள். நான் கிளம்பும்போது அந்தத் தொட்டியில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்துவிட்டு, "லாகெனாண்ட்ராவுக்கு எத்தனை சுழி ண தம்பி?" என்று கேட்டு மார்க்கரில் எழுதிக்கொண்டிருந்தார்.