மடியும் உலோகக் கூரை: ஃபோக்ஸ்வாகன் ஈயோஸை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கூரை திறக்கும் கார் வாங்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கூரை துணியா உலோகமா என்பதைத்தான். நிறம், இன்ஜின், கியர் எல்லாம் அதற்குப் பிறகு. இங்கிலாந்தில் நான் அன்றாடம் ஓட்டுவது ஃபோக்ஸ்வாகன் ஈயோஸ். 2006 முதல் 2015 வரை போர்ச்சுகலின் பால்மெலா ஆலையில் தயாரான இந்த நான்கு இருக்கைக் காரின் கூரை, ஐந்து துண்டுகளாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு டிக்கிக்குள் இறங்கிவிடும். தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், இன்று இதைச் செகண்ட் ஹேண்டில் மட்டுமே வாங்க முடியும். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: மடியும் உலோகக் கூரைக்காகக் கூடுதலாகச் செலவிடும் பணம், கூரை மூடியிருக்கும் நாட்களுக்கான பணம். திறந்து ஓட்டும் மகிழ்ச்சியைத் துணிக்கூரைக் காரும் குறைவின்றித் தரும்.

அந்த மூடியிருக்கும் நாட்களோ இந்த நாட்டில் மிகுதி. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை மழையும் குளிரும்தான்; நடுக் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டும் கவிந்துவிடும். அந்த மாதங்களில் ஈயோஸ் ஒரு சாதாரண கூப்பே, அதாவது திறக்காத கூரையுள்ள இரண்டு கதவுக் காராகிவிடுகிறது. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போகும்போது, பக்கத்து லாரியின் சக்கரங்கள் வாரியடிக்கும் தண்ணீர் மேலே பட்டாலும், பின்னால் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. ஹீட்டரின் சூடு உள்ளேயே தங்குகிறது. துணிக்கூரைக் கார்களில் பின்பக்க மூலைகளை அகலமான துணி மறைப்பதால் லேன் மாறும்போது கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இதில் அந்தத் தொல்லை குறைவு. சொந்தக் கேரேஜ் இல்லாமல் தெருவோரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. துணியைக் கத்தியால் கிழித்து உள்ளே கைவிடுவது திருடனுக்கு எளிது. உலோகத்தில் அது நடக்காது. ஈரமான ஊர்களில் துணிக்கூரையில் பாசி படர்வதும், அதைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நீர் ஒட்டாத பூச்சை அவ்வப்போது பூசுவதும் இங்கே பலருக்குப் பழகிப்போன வேலை. உலோகக் கூரைக்கு வண்டியின் மற்றப் பகுதிகளைக் கழுவும் அதே சோப்பு நீர் போதும்.

ஈயோஸுக்கே உரிய ஒரு சிறப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் கூரையின் முன்பகுதி முழுவதும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி தனியாகச் சாய்ந்தும், பின்னோக்கி நகர்ந்தும் சன்ரூஃபாகத் திறக்கும். வானம் எப்போது மனம் மாறும் என்று தெரியாத ஏப்ரல் மாதத்தில், முழுக் கூரையையும் மடக்கத் துணியாமல் இந்தக் கண்ணாடியை மட்டும் திறந்துகொண்டு போவது எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த விஷயம். நகரக்கூடிய சன்ரூஃபும் மடியும் கூரையும் ஒன்றாக அமைந்த கார் மிக அரிது.

முழுக் கூரையும் எப்படித் திறக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் நன்மையும் தொந்தரவும் அந்த இயக்கத்திலேயே அடங்கியிருக்கின்றன. வண்டியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, முன்னிருக்கைகளுக்கு நடுவிலுள்ள சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். விரலை எடுத்தால் எல்லாம் பாதியிலேயே நின்றுவிடும். முதலில் ஜன்னல் கண்ணாடிகள் கீழிறங்குகின்றன. டிக்கி மூடி, வழக்கத்துக்கு எதிர்ப்புறமாக, பின்னோக்கித் திறக்கிறது. மேலேயுள்ள கண்ணாடிப் பலகை பின்னால் நகர்ந்து அடுத்த துண்டின்மேல் ஏறிக்கொள்ள, பின்கண்ணாடியோடு சேர்ந்து மொத்த அடுக்கும் எழும்பி, மடிந்து, டிக்கிக்குள் அமர்கிறது. மூடி அதன்மேல் திரும்பவும் படிகிறது. இத்தனையும் 25 வினாடிகளில் முடிந்துவிடும். நடைபாதையில் போகிற குழந்தைகள் நின்று பார்க்காமல் போனதே இல்லை.

ஆனால் சிக்னலில் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும்போது 25 வினாடி என்பது நீண்ட நேரம். இதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட துணிக்கூரை கோல்ஃப் கேப்ரியோலே சுமார் 9.5 வினாடிகளில் கூரையைத் திறந்துவிடும். அதுவும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே. திடீர் மழையில் அந்தக் காரின் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால் போதும். ஈயோஸை ஓட்டுகிறவர் நிறுத்த இடம் தேடி நனைந்துகொண்டே போக வேண்டும். பின்னோக்கித் திறக்கும் மூடிக்கு வண்டியின் பின்னால் இடைவெளி தேவை என்பதால், சுவரை ஒட்டி நிறுத்திவிட்டுக் கூரையை இயக்க முடியாது. பல மாடிக் கார் பார்க்குகளில் மேல்தளம் தாழ்வாக இருக்குமிடங்களிலும் கவனம் தேவை.

டிக்கிதான் இந்த வகைக் கார்களின் பெரிய குறை. கூரை மூடியிருக்கும்போது ஈயோஸின் டிக்கி 380 லிட்டர். திறந்துவிட்டால் 205 லிட்டர். எண்ணைவிட அந்த இடத்தின் வடிவம்தான் சிரமம் தருகிறது. கூரையைத் திறப்பதற்கு முன் டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரையை இழுத்து மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் கூரை அசையாது. அந்தத் திரைக்குக் கீழே மிஞ்சுவது, தட்டையான ஒரு இடைவெளி. துணிப் பைகளையும் கோட்டுகளையும் அதில் நுழைக்கலாம், கெட்டியான சூட்கேஸ் போகாது. கூரை மடிந்த நிலையில் உள்ளே இருக்கும் பையை எடுக்க வேண்டுமென்றால், அடுக்கின் அடியில் கையை நீட்டித் துழாவ வேண்டும். வால்வோ நிறுவனம் சி70 காரில் இதற்கு ஒரு நல்ல வழி செய்தது: ஒரு பொத்தானை அழுத்தினால் மடிந்த கூரை சற்று மேலெழுந்து கைக்கு வழிவிடும். ஆனால் 404 லிட்டர் 200 ஆகச் சுருங்குவதை அந்தப் பொத்தானாலும் தடுக்க முடியவில்லை. மேலே சொன்ன கோல்ஃபிலோ, கூரை எந்த நிலையில் இருந்தாலும் 250 லிட்டர் அப்படியே இருக்கும். நான்கு பேர் கூரையைத் திறந்துகொண்டு ஒரு வாரச் சுற்றுலா போவது ஈயோஸில் நடக்காது. பெட்டிகள் பின்சீட்டுக்கு வந்துவிடும், பயணம் இருவருக்கானதாகிவிடும். காற்றுத் தடுப்பு வலையைப் பொருத்தினாலும் அது பின்சீட்டின் மேல்தான் விரிகிறது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரை இல்லாத காரின் உடல் முறுக்கேறாமல் இருக்க அடித்தளத்தில் வலுவூட்டும் இரும்பு எல்லாத் திறப்புக் கார்களுக்கும் தேவை. உலோகக் கூரைக்கு அதற்கு மேலும் மோட்டார், ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர்கள், இரட்டைக் கீல்கள் எல்லாம் சேர்கின்றன. 2007இல் வந்த பிஎம்டபிள்யூ 3 வரிசையின் மடியும் கூரைக் கார், அதே கூப்பேயைவிட ஏறக்குறைய 200 கிலோ கூடுதல் எடை. வளைவுகளிலும் பெட்ரோல் செலவிலும் இது தெரியும். கூரை திறந்திருக்கும்போது இந்த எடையின் பெரும்பகுதி பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதும் ஓட்டும்போது உணரக்கூடியதே. விளையாட்டுத்தனமாக வளைத்து ஓட்ட ஆசைப்படுபவர் இந்த வகையின் நான்கு இருக்கைக் கார்களைத் தேடிப் போக வேண்டாம். அமைதியாக, கடலோரச் சாலையில் ஐம்பது மைல் வேகத்தில் போக விரும்புகிறவருக்கு அந்த எடை நிதானத்தைத் தருகிறது.

இத்தனை சிக்கல் இருந்தும் இந்த எண்ணம் ஏன் திரும்பத் திரும்ப உயிர்பெறுகிறது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போலின் என்ற பிரெஞ்சுப் பல்மருத்துவர் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1934இல் பெஜோ 401 எக்லிப்ஸ் அதன்படி வந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு 1957 முதல் 1959 வரை ஸ்கைலைனர் என்ற பெயரில் 48,000க்கும் அதிகமான கார்களைச் செய்துவிட்டு நிறுத்தியது. 1996இல் மெர்சிடிஸ் எஸ்எல்கேயும், 2000இல் சிறிய பெஜோ 206 சிசியும் வந்த பிறகுதான் இது நடுத்தர வருமானக்காரர் கைக்கும் எட்டியது. அதன்பின் துணிக்கூரைகள் பல அடுக்குகளாகி, இரைச்சலையும் குளிரையும் நன்றாகத் தடுக்கத் தொடங்கின. பிஎம்டபிள்யூ தன் இசட்4ஐ 2018இலும் 4 வரிசையை 2020இலும் துணிக்கு மாற்றியது. மெர்சிடிஸ் எஸ்எல் 2021இல் துணிக்குத் திரும்பியபோது கூரை அமைப்பில் மட்டும் 21 கிலோ குறைந்ததாக நிறுவனம் சொன்னது. அந்த நிறுவனங்களின் முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். புதிய துணிக்கூரைக் கார் வாங்க வசதி உள்ளவருக்கு உலோகக் கூரையின் மேன்மை இன்று மிகச் சிறியது. ஆனால் பழைய கார் வாங்குகிறவர் ஒப்பிட வேண்டியது அதே காலத்துத் துணிக்கூரைகளோடு. அந்த ஒப்பீட்டில் உலோகமே முந்துகிறது.

இனி பராமரிப்பு. துண்டுகள் கூடக் கூட அவற்றுக்கிடையே மூட்டுகளும், இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டைகளான பீடிங்குகளும் கூடுகின்றன. ரப்பர் காய்ந்து சுருங்கினால் ஓட்டுநரின் தோள்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். ஆண்டுக்கு இருமுறையாவது, கூரையைப் பாதியளவு திறந்து நிறுத்தி, ஒவ்வொரு பீடிங்கையும் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, ரப்பரைக் கெடுக்காத கிரீஸை விரல் நுனியால் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஈயோஸ் உரிமையாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது கிரைடாக்ஸ் என்ற கிரீஸ். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சிறு குழாய் நெடுநாள் வரும். ஓரங்களில் மழைநீர் வடியும் வாய்க்கால்களில் மரத்தூசியும் இலையும் அடைத்துக்கொள்ளும். மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர் இலையுதிர் காலம் முழுவதும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை விரும்பிச் செய்ய மனமில்லாதவருக்கு இந்தக் கார் ஒத்துவராது.

பழுது என்று வந்தால், சாதாரண மெக்கானிக் பெரும்பாலும் கைவைக்கத் தயங்குவார். ஒரே ஒரு சென்சார் தவறான நிலையைக் காட்டினாலும் கண்ட்ரோல் யூனிட் மொத்தக் கூரையையும் நிறுத்திவிடும். கோளாறு மலிவான ஸ்விட்சில் இருக்கலாம், பம்ப்பில் இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடிப்பதற்கான கூலியே பெரும் செலவு. கூரை வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

இருவர் மட்டுமே போகப் போகிறவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. 2006இல் மாஸ்டா தன் எம்எக்ஸ்-5 காரில் பொருத்திய மடியும் கூரை, டிக்கியைத் தொடாமல் இருக்கைகளுக்குப் பின்னாலேயே 12 வினாடிகளில் மடிந்துகொள்ளும். துணிக்கூரை மாதிரியைவிட 37 கிலோ மட்டுமே கூடுதல். டிக்கி 150 லிட்டர்தான் என்றாலும் அது எந்நேரமும் 150 லிட்டர். என்னைப் போல் பின்சீட்டில் எப்போதாவது பிள்ளைகளை ஏற்ற வேண்டியவருக்குத்தான் ஈயோஸ், சி70 போன்றவை.

ஈயோஸைப் பார்க்கப் போகும்போது, முந்தைய நாள் மழை பெய்திருந்தால் நல்லது. கதவைத் திறந்ததும் மோப்பம் பிடியுங்கள்; கால்மிதியைத் தூக்கி அடியிலுள்ள கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவோ ஈரமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரையைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், ஓட்டிவிட்டு வந்து மறுமுறையும் முழுவதுமாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். நடுவில் தயங்குகிறதா, ஒரு பக்கம் பிந்துகிறதா என்று வெளியே நின்று கவனியுங்கள். பேட்டரி இறங்கியிருக்கிறது, பின்னால் இடமில்லை என்று காரணம் சொல்லிக் கூரையை இயக்கிக் காட்டாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் காரை வாங்காதீர்கள்.