கார் ஸ்பீக்கர் மாற்றுபவர்களுக்கு: டோர் பேடை மூடுவதற்கு முன் கதவுக்குள் பார்த்துவிடுங்கள்

என் காரின் முன்பக்க இடது கதவில் இருந்த கம்பெனி ஸ்பீக்கர் சில வாரங்களாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒன்றும் தெரியாது. பாட்டில் தாளம் அழுத்தமாக விழும் இடங்களில் மட்டும் காகிதம் கிழிவதைப் போன்ற ஓசை எழும். ஸ்டீரியோவில் பேலன்ஸை முழுவதும் இடப்பக்கம் தள்ளிக் கேட்டபோது கோளாறு அந்த ஒரு ஸ்பீக்கரில்தான் என்பது உறுதியாயிற்று. இந்த அளவுக்குத் தெரிந்துகொண்டு போன நானே எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் ஆடியோ கடையில் ஸ்பீக்கரைக் கழற்றி, கூம்பின் நடுவில் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்திக் காட்டினார்கள். உள்ளே சுருள் காந்தத்தில் உரசுவது விரலிலேயே தெரிந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரு பக்கமும் ஒலி ஒத்துப்போகாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். பணம் பறிக்கும் பேச்சு என்று அப்போது நினைத்தேன்; பின்னர் விசாரித்ததில் அது சரியான ஆலோசனைதான் என்று தெரிந்தது. அவர்கள் சொன்னவற்றில் உண்மை அதோடு முடிந்தது.

அடுத்து ஒரு பெட்டியை எடுத்து வைத்து, அதன் மேல் கொட்டை எழுத்தில் இருந்த 350 வாட் என்ற எண்ணைக் காட்டி, "கம்பெனி ஸ்பீக்கர் இதுல பத்துல ஒரு பங்குகூட வராது சார், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்" என்றார் கடைக்காரர். வித்தியாசம் தெரியத்தான் செய்தது, ஆனால் எதிர்த் திசையில். பெட்டியில் இருந்த எண் ஸ்பீக்கர் ஒரு கணத்துக்குத் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவான ஆர்எம்எஸ் மதிப்பு பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது, அது இதில் ஒரு சிறு பகுதிதான். அதைவிட முக்கியமாக, தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத கார் ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுக்கும் சக்தி ஏறக்குறைய 15 முதல் 20 வாட்தான். அப்படி இருக்கையில் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைவிட, கிடைக்கும் சிறிது சக்தியை எவ்வளவு ஒலியாக மாற்றுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் குறிப்பிடுவது அதைத்தான். அது 3 டெசிபல் குறைந்தால், பழைய சத்தத்தைப் பெற இரண்டு மடங்கு சக்தி தேவைப்படும். நான் அதைக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வண்டியை எடுத்தபோது கரகரப்பு இல்லை என்ற மகிழ்ச்சியில் மற்றதை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள்தான் பாட்டில் கீழ்ச்சுருதி, அதாவது பேஸ், முழுவதும் வற்றிப்போயிருப்பது உறைத்தது. வழக்கமாக வைக்கும் அளவைவிடப் பல புள்ளிகள் கூட்டினால்தான் பழைய சத்தம் வந்தது. அங்கே போனதும் ஸ்டீரியோவே திணறிக் குரல்கள் பிசிறடித்தன. ஏதோ நினைவில் பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியபோது, ஒரே ஸ்பீக்கர் பாடும் நிலையில் பேஸ் திரும்பி வந்தது. நடுவில் கொண்டுவந்தால் மறுபடியும் மறைந்தது. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றிக் கொடுத்தால் நேர்வது இதுதான். ஒரு கூம்பு முன்னே வரும் கணத்தில் மற்றது பின்னே போகிறது. ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ள, கீழ்ச்சுருதி பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது.

அத்தோடு நின்றிருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். இடப்பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கினால் கடைசி அங்குலத்தில் டக் என்று எதிலோ இடித்தது. முதல் மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கால்மிதி நனைந்திருந்தது.

தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துவந்து கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினோம். கழற்றும்போதே உடைந்த கிளிப்புகள் இரண்டு கீழே விழுந்தன. கதவின் உட்புறத்தை மூடி ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஸ்பீக்கர் இருக்கும் மூலையில் கையாலேயே கிழிக்கப்பட்டு, ஒட்டுப்பசை மண் படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி பீடிங் வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேறும்படிதான் கதவு வடிவமைக்கப்பட்டிருக்கிறது, அந்த நீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள் மட்டுமே. ஸ்பீக்கரின் கீழ் கொடுத்திருந்த வளையம் பெயிண்ட்கூட அடிக்காத, மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை; ஒரே மழையில் ஊறிப் புடைத்து, விரல் நகத்தால் கீறினால் உதிர்ந்தது. வளையத்தின் தடிமன் போதாததால் ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடி இறங்கும் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது; கண்ணாடியின் கீழ் விளிம்பு மோதிய இடத்தில் பளபளவென்று ஒரு தடம். இவற்றையெல்லாம்விட எனக்கு வலித்தது ஸ்பீக்கர் வயரை இணைக்கும் கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்ததுதான். வெட்டாமல் பொருத்துவதற்கு அடாப்டர் வயர் கிடைக்கிறது. அது இருந்திருந்தால் பிளஸ், மைனஸ் மாறும் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

நல்ல வேளையாகப் பழைய ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டிருந்தேன். மின்தடையை அளக்க எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்ததும் பழையது 1.8 ஓம் காட்டியது, புதியது 3.5. மீட்டர் காட்டும் எண் குறிப்பிட்ட மதிப்பைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், பழையது 2 ஓம், புதியது 4 ஓம் என்று பொருள். பழையதன் காந்தத்தின் பின்புறம் 2 என்ற எண்ணும் ஓம் குறியும் அச்சிட்டே இருந்தன. கடையில் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் திருப்பிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. 2 ஓமுக்கென்று அமைந்த ஸ்டீரியோவில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் கிடைக்கும் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். எதுவும் எரியாது, சத்தம்தான் குறையும். மாறாக, 4 ஓமுக்கான ஸ்டீரியோவில் 2 ஓம் மாட்டியிருந்தால் அது சூடேறிக் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அந்த வகையில் நான் தப்பித்தேன்.

படங்களுடன் கடைக்குப் போனபோது, புது ஸ்பீக்கர் பழக நாளாகும், செட் ஆனதும் பேஸ் வரும் என்றார்கள். வயர் மாறியிருப்பதைக் காட்டியதும், வேறு ஆள் கதவைத் திறந்துவிட்டதால் வாரண்டி செல்லாது என்றார்கள். பில்லில் "ஸ்பீக்கர் 1 செட்" என்று மட்டுமே இருந்தது. மாடல் எண்ணும் இல்லை, பொருத்துக்கூலியும் இல்லை. அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு வாதாட என்னால் முடியவில்லை.

ஆகவே ஸ்பீக்கர் மாற்றப் போகிறவர்கள் பழையதன் பின்புறத்தில் எத்தனை ஓம் என்பதைத் தாங்களே படித்துவிட்டுப் புதியதைத் தேர்ந்தெடுங்கள். பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பேடை மூடுவதற்கு முன்பே கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றச் சொல்லுங்கள், பாட்டைப் போட்டு பேலன்ஸை இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள், பிளாஸ்டிக் தாள் திரும்ப ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும்; மோதலின்போது கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென உயர்வதை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. அத்தகைய வண்டிகளில் கதவில் புதிதாகத் துளை போடுவதும் அடைப்பைக் கிழித்து விடுவதும் வெறும் மழைநீர்ப் பிரச்சினை அல்ல. உங்கள் வண்டி அந்த வகையா என்பதைக் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு எலக்ட்ரீஷியன் பிளாஸ்டிக் வளையம் போட்டு, வயர்களைப் பற்றவைத்து, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை ஒட்டித் தாளைச் சரிசெய்து கொடுத்தார். பேஸ் திரும்பிவிட்டது, தண்ணீரும் வரவில்லை. சத்தம் மட்டும் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. 2 ஓம் ஜோடி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.