‘42’ பார்க்கலாமா, ‘ரேஸ்’ பார்க்கலாமா?

இந்த இரண்டு ஹாலிவுட் படங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ‘42’ (2013) பாருங்கள். 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்கு ஆட வந்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் கதை. எதிரணி மேலாளர் பென் சாப்மன் மைதானத்திலேயே வாய்க்கு வந்தபடி இனவெறி வசவுகளைக் கொட்டுகிறார். ராபின்சன் திருப்பிப் பேசினால் போச்சு, அவரை வெளியேற்ற அதுவே சாக்காகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியவர், ஆளில்லாத நடைவழிக்குப் போய் மட்டையைச் சுவரில் அடித்து நொறுக்குகிறார். ராபின்சனாக வரும் சாட்விக் போஸ்மன் அந்த இடத்தில் நடிப்பதாகவே தோன்றவில்லை.

‘ரேஸ்’ (2016), 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பினத் தடகள வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸைப் பற்றியது. நாஜி அரசியல், அமெரிக்க ஒலிம்பிக் அதிகாரிகளின் சச்சரவு என்று படம் அலைபாய்வதில் ஓவன்ஸ் அடிக்கடி காணாமல் போகிறார். ஜெர்மன் வீரர் லுஸ் லாங்குடனான நட்பு மட்டும் அழகு.

ஆனால் ஒரு விஷயத்தில் ‘ரேஸ்’தான் நேர்மையான படம். ‘42’ வெற்றிக் களிப்போடு முடிகிறது. ராபின்சனை அணிக்குக் கொண்டுவந்த நிர்வாகி பிராஞ்ச் ரிக்கிக்கு அது தரும் பெருமையும் கொஞ்சம் அதிகம். ‘ரேஸ்’ கடைசியில், தன்னைப் பாராட்டி நடக்கும் விருந்துக்கே ஓவன்ஸ் ஓட்டலின் பின்வாசல் வழியாகப் போக வேண்டியிருந்ததைக் காட்டுகிறது. பதக்கம் வென்றும் அமெரிக்கா மாறவில்லை என்பதை அது மழுப்பவில்லை.