மானிட்டர் நல்லாத்தான் இருந்தது, ஆனாலும் 4,800 ரூபாய் போச்சு

நம்ம பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ரிப்பேர் என்றால் நம்மில் பாதிப் பேர் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். பஸ் இருக்கிறது, பேச்சும் நம்ம பேச்சு. அங்கே ஒரு சர்வீஸ் கடையில் எங்களுக்கு நடந்தது இது. கடை பேர் போடவில்லை. பேரை விட அவர்கள் செய்கிற விதம்தான் தெரிய வேண்டியது.

ஐப்பசி மழை நேரம். மதியம் தாண்டினால் இடி, அதுவும் தென்னை தலை கருகுகிற இடி. கரண்ட் போய் வந்த பிறகு சிஸ்டத்தைப் போட்டால் சிபியூ ஃபேன் சுத்துகிறது, மானிட்டரில் லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. நான் டியூஷன் சென்டர்களுக்குத் தமிழ் மீடியம் மாதிரி வினாத்தாள் டைப் அடித்துக் கொடுக்கிறவள். கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு வேலை குவிந்து கிடந்தது.

கோயமுத்தூரில் ஹார்டுவேர் வேலை பார்க்கும் பெரியம்மா பையனைப் போனில் பிடித்தேன். "முதல்ல மானிட்டரா சிபியூவான்னு பிரிச்சுப் பாரு கண்ணு"ன்னு அண்ணன் சொன்னார். சிபியூவிலிருந்து மானிட்டருக்கு வருகிற எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினதும் கறுப்புத் திரையில் 'நோ சிக்னல்' என்று ஒரு பெட்டி மிதந்தது. மானிட்டருக்கு அடியில் இருக்கிற பட்டனை அழுத்தினால் பிரைட்னஸ் மெனு பளிச்சென்று வந்தது. இது வந்துவிட்டால் பேனல் (திரை), பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கு), பவர் போர்டு (கரண்ட் கொடுக்கிற போர்டு) மூன்றுமே வேலை செய்கிறது என்று அர்த்தம். மெனுவே வராமல் லைட் மட்டும் எரிந்தால் இருட்டறையில் செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டுமாம். மங்கலாக எழுத்து தெரிந்தால் பேக்லைட் போயிருக்கிறது. எங்களுக்கு அந்தத் தேவையே வரவில்லை.

அடுத்தது கீபோர்டு. கேப்ஸ் லாக் தட்டினால் குட்டி லைட் எரிந்து அணைய வேண்டும். எங்களுடையது அசையவில்லை. அப்படியென்றால் சிஸ்டம் விண்டோஸ் வரைக்கும் போகவே இல்லை, முன்னாடியே நின்றுவிட்டது. "தொண்ணூறு சதவீதம் ரேம் காண்டாக்ட்தான் இருக்கும், கழட்டி ரப்பர்ல தேச்சு மாட்டினா வந்துரும்"னார் அண்ணன். ரேம் என்பது சிஸ்டத்தின் மெமரி, கழற்றி மாட்டுகிற சின்ன அட்டை. இடி வாங்கின சிஸ்டத்தை வீட்டில் திறக்க வேண்டாம் என்று எங்க வீட்டுக்காரர் ஒரே பிடி. சிபியூவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

கடையில் முதல் பேச்சே, "மானிட்டர் இல்லாம செக் பண்ண முடியாதுங்ணா, அதையும் கொண்டாங்க." மேசைமேல் நாலைந்து மானிட்டர் எரிந்துகொண்டிருக்கிற கடை அது. இந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லுவேன். வேலை அவசரம் என்பதால் இவர் அதையும் கொண்டு போய்க் கொடுத்தார்.

மறுநாள் எனக்குப் போன். "மானிட்டர்ல பவர் போர்டு போயிருச்சுங்க்கா, மதர்போர்டுல ஐசி அடிச்சிருச்சு. ரெண்டும் சேத்து 6,500 ஆகுமுங்க." சிபியூவுக்குள் இருக்கிற பெரிய போர்டுதான் மதர்போர்டு, அதில் ஈயம் வைத்துப் பற்றவைத்த சிப்தான் ஐசி.

"மெனு வந்துச்சுங்களே தம்பி, நானே பாத்தேன்" என்றேன்.

"மெனு வருமுங்க்கா, ஆனா லோடு எடுக்காது."

என்ன லோடோ. மானிட்டர் என்ன மோட்டாரா, லோடு எடுக்க? வேண்டாம், அப்படியே திருப்பிக் கொடுங்கள் என்றேன். "எல்லாம் கழட்டியாச்சுங்க்கா. செக்கிங் சார்ஜ் 1,500 கட்டிட்டு பார்ட்ஸாத்தான் எடுத்துக்கணும்." இதற்குப் பிறகு நடந்தது பேரம் இல்லை, பிணை வைத்துப் பணம் கேட்கிற கதை. கடைசியில் 4,800. கொண்டுவந்து மாட்டினால் டிஸ்பிளே வந்தது. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டு பின்னால் தொகையை மட்டும் எழுதி நீட்டினார்கள்.

வந்தாலும் சிஸ்டம் நத்தை மாதிரி ஊர்ந்தது. வினாத்தாள் டைப் அடிக்கிற பேஜ்மேக்கரும் கூகுள் குரோமும் சேர்த்துத் திறந்தால் அப்படியே உறைந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பார்த்தேன். 4 ஜிபி. நாங்கள் வாங்கினபோது பில்லில் இருப்பது 8 ஜிபி.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நேரில் வந்து சிபியூ கேபினெட்டைத் திறந்தார். நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மதர்போர்டு முழுக்க செம்மண் தூசி, ஃபேன் மூலையில் ஒட்டடை கூடக் கலையவில்லை. போர்டைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ ஒவ்வொன்றின் தலைக் குழியிலும் தூசி அடைத்தபடி இருக்கிறது. ஐசி மாற்றுவதற்கு போர்டைக் கழற்றியே ஆக வேண்டும், ஸ்க்ரூவில் டிரைவர் படாமல் கழற்ற முடியாது. ரேம் ஸ்லாட்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளவென்று துடைத்திருந்தது. அங்கே வேறொரு பழைய ரேம். மானிட்டரின் விளிம்பில் நெம்பின கீறல் இருந்தது. உள்ளே பவர் போர்டு பழையதேதான், ஒரு இடத்தில் கூடப் புதிதாகப் பற்றவைத்த ஈயம் இல்லை. (மானிட்டரின் உள்ளே நீங்கள் கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தப் போர்டில் இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.)

ஆக, நடந்த வேலை ரேமைக் கழற்றி மாட்டினது. அந்தச் சாக்கில் நல்ல ரேமை உருவிக்கொண்டு பாதி அளவில் ஒன்றைச் செருகிவிட்டார்கள்.

போன் பண்ணினால், "எங்க கடையில அப்படி நடக்காதுங்க்கா. பில் இருக்குதுங்களா?" பில் கொடுக்காதவரே கேட்கிறார். விடாமல் பேசினதும் அடுத்தது வந்தது: "நீங்க கேரளாக்காரங்க, இதுக்காக இங்க வந்து கேஸ் போடப் போறீங்களா?"

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். எல்லை தாண்டி வந்தவர்கள், மலைத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்ற தைரியம் அது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் பாலக்காட்டில் கொடுத்தால் போதும். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தோம், வாட்ஸ்அப்பில் 'மானிட்டர் போர்டு + மதர்போர்டு' என்று அவர்களே ரேட் எழுதி அனுப்பியிருந்தார்கள். இரண்டும் ஆதாரம்தான்.

நான் முதலில் 1915க்குப் போன் போட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் எண் கிடைத்ததும் அதைக் கடைக்கு அனுப்பினேன். சாயங்காலமே குரல் மாறிப்போச்சு. "பையன் தெரியாம மாத்திட்டானுங்க்கா" என்று 8 ஜிபி ரேம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். எங்களுடையதே இல்லை, வேறு கம்பெனி. வேலை செய்கிறது.

இனி யாராவது சர்வீசுக்குக் கொடுப்பதாக இருந்தால், சிஸ்டம் ஓடுகிற நாளிலேயே டாஸ்க் மேனேஜரில் மெமரியும் டிஸ்க்கும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கேபினெட்டைத் திறக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ரேம் ஸ்டிக்கரில் இருக்கிற நம்பரையும், மானிட்டர் முதுகில் இருக்கிற சீரியல் நம்பரையும். கொடுக்கும்போது அவர்கள் சீட்டிலேயே அதை எழுத வையுங்கள். "திறக்கும் முன்னால் ரேட் சொல்ல வேண்டும், மாற்றின பழைய பார்ட் எனக்கு வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிக் கடைகளில் ஐசி தானாகச் சரியாகிவிடும். இடி நேரத்தில் கரண்ட் பிளக்கோடு இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள், அது வழியாகவும் இடி இறங்கும்.

4,800 இன்னும் வரவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. பாலக்காட்டில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். புகார் கொடுக்க இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது, தூசி படிந்த அந்த ஸ்க்ரூ போட்டோக்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மனுவோடு சேர்த்துவிட்டேன்.