சோறு பொங்கும் தெர்மல் குக்கரில் கார்ன்ட் பீஃப்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் சம்பா அரிசி பொங்குகிற வீடுகளில் தெர்மல் ரைஸ் குக்கர் புதிய பொருள் இல்லை. அரிசி கொதித்ததும் உள்பானையைத் தூக்கி எவர்சில்வர் பெட்டிக்குள் வைத்து மூடினால் போதும், சோறு தானாக வெந்துவிடும். கேரளத்தில் இதையே சூடாறாப்பெட்டி என்பார்கள். மணிக்கணக்கில் மெல்ல வேக வேண்டிய கார்ன்ட் பீஃபையும் இதில் செய்யலாம், மின்சார ஸ்லோ குக்கர் தேவையே இல்லை. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் அந்தத் திறன் கிடையாது.

கார்ன் என்றதும் சோளத்தை நினைக்க வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் மணியைக் குறிக்கும். இங்கே அது கல்லுப்பு மணி. உப்புநீரில் பல நாள் ஊறிய மாட்டு நெஞ்சுக்கறியை மெதுவாக வேகவைத்து, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கோடு சாப்பிடுவது அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் புனித பேட்ரிக் நாளான மார்ச் 17 அன்று வைக்கும் விருந்து. வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் டின் கார்ன்ட் பீஃப் வேறு ரகம். அது உதிர்த்து அழுத்திய இறைச்சி. இது கத்தியால் வில்லை போடக்கூடிய முழுத்துண்டு.

குக்கரை முதலில் சோதித்துவிடுங்கள். உள்பானையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு, பெட்டிக்குள் வைத்து மூடி, 4 மணி நேரம் கழித்துச் சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 75 டிகிரிக்கு மேல் காட்டினால் அருமையான பெட்டி. 65 முதல் 75 வரை என்றால் இடையில் ஒரு தடவை கூடுதலாகக் கொதிக்கவைத்துச் சமாளிக்கலாம். 65க்குக் கீழே போகிற பெட்டியில் சோறு மட்டும் பொங்குங்கள். சூடு 60க்கும் கீழே இறங்கி இறைச்சி கிடந்தால் கிருமி பெருகும். விரலை விட்டுப் பார்த்து முடிவு செய்வது இதற்கு ஆகாது, தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்.

உள்பானை எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியப் பானையில் உப்பும் கறிச்சாறும் இத்தனை மணி நேரம் கிடந்தால் பானை அரித்துப் புள்ளி விழும், சாற்றிலும் உலோக வாடை ஏறும். அளவும் முக்கியம். 1 கிலோ அரிசிக் குக்கரில் 1 முதல் 1.5 கிலோ வரை இறைச்சி பாங்காக அடங்கும். இரண்டு கிலோ குக்கரில் அதே துண்டைப் போட்டால் மேலே காலி இடம் நிற்கும், சூடும் வேகமாக இறங்கும். ரப்பர் விறகு எரிக்கிற அடுப்பானால் பானையின் அடியைத் துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் இறக்குங்கள். ஒட்டிவரும் கரித்துண்டு உள்தகட்டைக் கெடுக்கும்.

இறைச்சிக்கடையில் கத்தி விழும் முன்பே சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, துண்டு போடாண்டாம், நெஞ்சுக்கறி ஒரே கட்டியாத் தாருங்க." ஒரு பக்கம் கொழுப்பு படர்ந்த, 5 முதல் 6 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டு நல்லது. தொடைக்கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. எத்தனை மணி நேரம் வைத்தாலும் சக்கை போல வறண்டுதான் வரும். கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் பெரும்பாலும் எருமை. அதுவும் ஆகும், வேக இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் கேட்கும்.

1 கிலோ இறைச்சிக்கு 1 லிட்டர் தண்ணீர், 100 கிராம் கல்லுப்பு, 40 கிராம் கருப்பட்டி. உப்பைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கப் கல்லுப்பும் ஒரு கப் தூளுப்பும் ஒரே எடை இல்லை; கணக்குப் பிசகுவது இங்கேதான். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு தாராளமாகப் போதும், ஆனால் கரைத்த பிறகு துணியில் வடிகட்டி மண்ணை நீக்குங்கள். மிளகு, கடுகு, மல்லி வகைக்கு ஒரு தேக்கரண்டி, 6 பல் பூண்டு, 2 பிரிஞ்சி இலை, ஒரு சிறு துண்டு பட்டை. கிராம்பு நம் குமரி மலையில் விளைந்ததென்றால் மூன்றே போதும், மணம் அவ்வளவு தூக்கல். எல்லாவற்றையும் கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் குளிரவைத்த பிறகே இறைச்சியைப் போட வேண்டும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம், மேலே அமுக்க ஒரு சிறு தட்டு. ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்கு மேல் போகாமல் 6 நாள், தினமும் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் பக்கத்தில் ஐஸ் பாட்டில்களை அடுக்குங்கள். உப்புநீர் நூல் போல இழுபட்டாலோ, அழுகல் வாடை வந்தாலோ கழுவிப் பார்க்க வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

வெளிநாட்டுப் படங்களில் இருக்கும் ரோஜா நிறம் இதில் வராது. அந்த நிறத்தையும், ஹாம் போன்ற தனிச் சுவையையும் தருவது சோடியம் நைட்ரைட். அளவு கொஞ்சம் கூடினாலும் அது விஷம். அதற்காக வெடியுப்பையோ ஆய்வகக் கடைப் பொட்டலத்தையோ சமையலறைக்குள் கொண்டு வரக் கூடாது. கறி சாம்பல் நிறமாக வருவது குறையே இல்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நைட்ரைட் சேர்க்காமல் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஊறிய இறைச்சியைப் பச்சைத் தண்ணீரில் 2 மணி நேரம் ஃபிரிட்ஜிலேயே வைத்து, நடுவில் ஒரு தடவை நீரை மாற்றுங்கள். பிறகு உள்பானையில் போட்டு, மேலே இரண்டு விரல்கடை நிற்கப் புதுத் தண்ணீர் ஊற்றி, மெல்லச் சூடேற்றி, பொங்கும் நுரையை வழித்தெடுங்கள். பலரும் தவறுகிற இடம் அடுத்தது. சோற்றுக்கு வைப்பது போல ஒரு கொதி வந்ததும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். துண்டின் நடுப்பகுதி அப்போதும் சூடேறியிருக்காது. அது தண்ணீரின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், பெட்டிக்குள் சூடு சட்டென்று இறங்கிவிடும். மூடி போட்டு, சிறு தீயில் 40 நிமிடம் கொதித்த பிறகே பெட்டிக்குள் இறக்குங்கள். 3 மணி நேரம் கழித்து வெளியே எடுத்து 15 நிமிடம் கொதிக்கவைத்துத் திரும்ப வையுங்கள். இன்னொரு 3 மணி நேரம். நடுவில் ஆசைக்குத் திறந்து பார்க்கக் கூடாது; இதில் அடியில் தீ இல்லை, போன சூடு போனதுதான்.

பதம் பார்க்க ஓர் ஈர்க்கில் போதும். தடிமனான இடத்தில் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்க வேண்டும். நடுவில் ரப்பர் போலத் தடுத்தால் சவ்வு இன்னும் கரையவில்லை, மறுபடி கொதி, மறுபடி பெட்டி.

காய்களைப் பெட்டிக்குள் போடவே வேண்டாம், குழைந்துபோகும். இறைச்சியை எடுத்து மூடி வைத்துவிட்டு, சாற்றை ருசி பாருங்கள்; கரித்தால் சரிபாதி தண்ணீர் சேருங்கள். அதில் உருளையும் கேரட்டும் 20 நிமிடம், தண்டோடு நாலாகப் பிளந்த முட்டைக்கோஸ் 12 நிமிடம். உருளைக்குப் பதில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) என்றால் தனியாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கூடவே காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்ட தொடுகறி. வெளிநாட்டுக் கடுகுச் சாஸை விட இந்தக் கறிக்கு அது நன்றாகவே சேரும் என்பது எங்கள் தீர்ப்பு.

20 நிமிடம் ஆறிய பிறகு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே பென்சில் தடிமனில் நறுக்குங்கள். வெந்தபின் நார் தெரியாமல் குழப்பும். அதனால் பச்சையாக இருக்கும்போதே ஒரு மூலையைக் குறுக்கே சீவி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நாரோடு நறுக்கினால் எட்டு மணி நேர வேலையும் பல்லிடுக்கில்தான் போகும்.

பிரஷர் குக்கரில் 50 நிமிடத்தில் முடியும், கேஸும் மிச்சம். ஆனால் ஓரம் பிரிந்து உதிரும், சாறு கலங்கும், வில்லை நிற்காது. தெர்மல் குக்கர் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்கள் தயங்காமல் இறங்கலாம். இதற்காகவே புதிதாக வாங்க வேண்டியதில்லை. சமைத்த அன்றே பெட்டியையும் மூடியையும் சோப்பு நீரில் துடைத்து, திறந்து வைத்து உலரவிடுங்கள். பூண்டு வாடை மூடியில் தங்கினால் மறுநாள் சோறும் அதே மணத்தோடு வரும்.